இரவல் சாடி: பெரும்பாணாற்றுப்படையின் கள்ளும் கொல்லிமலை அடிவாரமும்

தமிழில் ‘ப்ரூயிங்’ என்பதற்குச் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொல் இருக்கிறது: ஊறல். தானியமோ வெல்லமோ தண்ணீரோடு பானையில் கிடந்து, நுரைத்து, புளித்து, வேறொன்றாக மாறுவதற்குப் பேளுக்குறிச்சிப் பக்கம் நாங்கள் சொல்லும் பெயர் அதுதான். ஊறல் போடுவாங்க, ஊறல் பொங்கும், ஊறல் கெட்டும் போகும். ஒரு தொழிலுக்கு வேண்டிய வினைச்சொற்கள் எல்லாம் அதைச் சுற்றி இருக்கின்றன. ஆனால் இந்தச் சொல்லை அச்சில் எங்கே பார்க்கிறோம்? நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ‘ஊறல் அழிப்பு’ என்ற தலைப்பின் கீழ், கவிழ்த்த பேரல்களுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் காவலர்களின் படத்தோடு. சொல் உயிரோடுதான் இருக்கிறது. அதன் இருப்பிடம்தான் காவல் நிலையம்.

ஒரு பழம்பாட்டைப் பற்றிய கட்டுரையை இங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கள் செய்யும் முறை ஒன்று, ஏழெட்டு அடிகளுக்குள், படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பனங்கள் இல்லை, தென்னங்கள் இல்லை. அரிசியில் செய்த கள். இன்றைய வகைப்பாட்டில் அது பீர் குடும்பம். சங்கப் பாடல்களில் ஒரு பண்டம் தயாராகும் விதம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லப்படுவது அபூர்வம்.

இந்த அடிகளை நாம் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வாசித்து வந்திருக்கிறோம். ஒன்று மேடைப் பெருமிதம்: “பார்த்தீங்களா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்மாளுங்க பீர் செஞ்சிருக்காங்க.” இன்னொன்று பாடநூல் கூச்சம்: ‘பண்டைத் தமிழரின் உணவும் பழக்கங்களும்’ என்ற அத்தியாயத்தில் ஒற்றை வரியில் கடந்துவிடுவது. பெருமிதத்துக்கும் சரி, கூச்சத்துக்கும் சரி, பானைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசை இல்லை. அப்படி எட்டிப் பார்த்தால் பாட்டு வேறு மாதிரி திறக்கிறது என்பது என் தரப்பு. அப்படித் திறந்த பிறகு, எங்கள் ஊர்ப்பக்கத்து வரலாறு ஒன்றையும் சேர்த்துப் பேசாமல் இருக்க முடியவில்லை.

பாட்டின் அடுப்பு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. 500 அடி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலத்தில், யார் வீட்டு வாசலில், என்ன உண்ணக் கிடைக்கும் என்பதுதான் பாட்டின் உடல். அதில் கள் வரும் மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் இடத்தில், பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வந்த வீரர்கள் அதைக் கள்ளுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்க்கிறார்கள். அடுத்த அடியிலேயே வீட்டில் அட்ட தோப்பியைப் பருகுகிறார்கள். தோப்பி என்றால் நெல்லால் செய்த கள் என்று உரை சொல்கிறது. விலைக்கு வாங்கும் கள் வேறு, வீட்டில் செய்யும் கள் வேறு என்ற பாகுபாடு அடுத்தடுத்த அடிகளில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

இரண்டாவது இடம் வலைஞர் குடியிருப்பு. செய்முறை இங்கேதான் இருக்கிறது. குற்றாத, அதாவது தவிடு போகத் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவுகிறார்கள். அதை வாய் அகன்ற தட்டுப் பிழாவில் கொட்டி ஆற வைக்கிறார்கள். புற்றுக்குள் இருக்கும் குரும்பியைப் போலத் தோன்றும் ‘நல்லடை’ என்ற ஒன்றை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு விடுகிறார்கள். பிறகு வலிய வாயுடைய சாடியில் பச்சை வாடை நீங்கும்வரை முதிர வைக்கிறார்கள். கடைசியில் விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். சுட்ட மீனோடு, நடந்து களைத்த பாணனுக்குக் கிடைக்கிறது.

மூன்றாவது இடம் கடற்கரைப் பட்டினம். அங்கே கள் அடுகிறவர்கள் பெண்கள் என்று பாட்டு வெளிப்படையாகவே சொல்கிறது. அவர்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிறது. அந்தச் சேற்றில் பன்றிகள் புரள்கின்றன.

முதல் இடத்திலும் மூன்றாவது இடத்திலும் வினை ஒன்றே: அடுதல். சோறு அடுவது போலவே கள்ளும் அடப்படுகிறது. அட்டில் என்றால் சமையலறை. ஆக, பாட்டின் மொழியில் கள் சமையலறைக்குள் இருக்கிறது. இன்றைக்கு நம் வினை ‘காய்ச்சுதல்’. அது சாராயத்திலிருந்து வந்தது. ஆவியாக்கிக் குளிர்வித்து வடிக்கும் தொழிலைச் சேர்ந்தது. வீட்டில் பீர் செய்வதைக்கூட ‘பீர் காய்ச்சறது’ என்றுதான் சொல்கிறோம். ஊறப்போடுவதும் வடித்தெடுப்பதும் இரண்டு வேறு கைவேலைகள். அந்த வேறுபாட்டை வினைச்சொல்லிலேயே தொலைத்துவிட்டோம். இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. உயிர் போகிற விஷயம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆற வைத்தல் என்ற அடி

பாட்டில் என்னை முதலில் நிறுத்தியது அந்த அகன்ற தட்டு. கவிதையாக மட்டும் வாசித்தால் ஆற வைப்பது ஓர் அலங்காரம். எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. வேதியியலாக வாசித்தால் முழுச் செய்முறையும் அதில்தான் தொங்குகிறது.

அரிசியின் மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாகத் தின்னாது. முதலில் அது சர்க்கரையாக உடைய வேண்டும். உடைக்கும் நொதி முளைத்த தானியத்தில் இருக்கிறது. ஆனால் அரிசி மாவுச்சத்து நன்றாக வெந்து குழைந்தால்தான் நொதிக்குப் பிடி கிடைக்கும். அரிசி குழையும் சூட்டிலோ நொதி செத்துப்போகும். பார்லிக்கு இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. 65 டிகிரி சூட்டிலேயே அதன் மாவு குழைந்துவிடும், நொதியும் பிழைத்திருக்கும். அதனால்தான் ஐரோப்பியர் பார்லியை வெந்நீரில் ஊற வைத்தே வேலையை முடிக்கிறார்கள். அரிசிக்காரருக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: முதலில் வேகவிடு, பிறகு ஆறவிடு, அதன் பிறகு முளைமாவைக் கலந்துவிடு. பாட்டில் இருக்கும் வரிசை அச்சு அசலாக இதே வரிசை. களி, ஆற்றுதல், அடை. ஒன்றை முன்பின்னாக மாற்றியிருந்தால்கூடக் கள் கிடைத்திருக்காது.

இதைச் சொன்ன பாணன் கள் அடுகிறவன் இல்லை. விருந்தாளியாக உட்கார்ந்து பார்த்தவன். ஆற்றுப்படையின் அமைப்பே அப்படித்தான்: அடுத்தவர் வீட்டுப் பானையில் தான் பெற்றதை இன்னொருவனுக்குச் சொல்வது. அவனிடம் பிழாவும் இல்லை, சாடியும் இல்லை, யாழ் இருந்தது. ஆனாலும் வரிசை பிசகாமல் சொல்கிறான். புலவரின் கண் அவ்வளவு கூர்மை என்று பாராட்டலாம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அந்த வரிசை கேட்பவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்பது. எல்லார் வீட்டிலும் நடப்பதைச் சொல்லும்போதுதான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும். இட்லிக்கு மாவு ஆட்டுவதை நாம் இன்று எட்டு அடியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

முளையா, பூஞ்சையா

நல்லடை என்பது என்ன? முளைகட்டிய நெல்லை இடித்த மா என்று உரைவழியில் பொருள் கொள்வது வழக்கம். 1889-இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த பிறகு வந்த விளக்கங்கள் பெரும்பாலும் அந்தத் தடத்திலேயே போகின்றன. நான் மேலே சொன்ன வேதியியலும் அதற்குப் பொருந்துகிறது.

ஆனால் உவமை என்னை விடவில்லை. முளையிடித்த மாவுக்கு ஏன் புற்றுக்குள்ளிருக்கும் குரும்பியை உவமை சொல்ல வேண்டும்? குரும்பி என்பது கறையான் கட்டும் கூடு. கடற்பஞ்சு போலத் துளைதுளையாக இருக்கும். கறையான் அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. அதனால் கூட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொடிமணிகள் பூத்திருக்கும். மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கும் காளானும் அதே பூஞ்சைதான். புற்றுக்காளான் பறித்துத் தின்ற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டு நல்லடையின் மேற்புறத்தைப் ‘பூ’ என்ற சொல்லால்தான் சுட்டுகிறது. உரை இதற்குப் பொலிவு என்று பொருள் சொல்லும். நம் பேச்சிலோ பூஞ்சை ‘பூக்கும்’. “ஊறுகாய் மேல பூத்துப்போச்சு” என்போம்.

இந்தியாவின் கிழக்கே போனால் அரிசிக் கள்ளுக்கு முளைமாவைப் பயன்படுத்தாமல், பூஞ்சையும் ஈஸ்டும் ஏறிய மாவு வில்லைகளைப் போடுவார்கள். ஜார்க்கண்ட், ஒடிசாப் பக்கம் ஹண்டியாவுக்கு ரானு. சிக்கிம், நேபாளத்தில் கேழ்வரகில் செய்யும் சாங்குக்கு மார்ச்சா. அந்த வில்லையும் வெள்ளைப் பூ பூத்த ஓர் அடைதான். நல்லடை அப்படி ஒரு வில்லையாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பாட்டை மட்டும் வைத்து இதை முடிவுகட்ட முடியாது. முளை என்ற வாசிப்பும் நிற்கவே செய்கிறது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு: உவமையை அழகு என்று மெச்சிவிட்டு நகர்வது வாசிப்பே இல்லை. இந்தப் பாட்டின் உவமைகள் தகவல்கள். பண்டத்தைக் கண்டால் அடையாளம் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டவை.

நண்பனின் வாளி

தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்க்க வழியில்லை, சட்டப்படி குற்றம். பிரிட்டனில் 1963-இல் வீட்டில் பீர் செய்ய உரிமம் தேவையில்லை என்று ஆக்கினார்கள். அமெரிக்காவில் 1978-இல் கூட்டரசு அதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. லண்டன் புறநகரில் இருக்கும் என் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடமாக வீட்டில் பீர் செய்கிறவர். போன குளிர்காலத்தில் அங்கே தங்கியிருந்தபோது அவருடைய சாமான்களை இரவல் கேட்டேன்: 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, காற்றுப்பூட்டு, வெப்பமானி, வடிகட்டும் பை, சர்க்கரைச் செறிவைக் காட்டும் மிதவைமானி. முளைக்கிற நெல் லண்டனில் எளிதில் கிடைக்காது. அதனால் கேழ்வரகை, அவர் சொல்லில் குரக்கனை, முளைகட்டி உலர்த்தி வறுக்காமல் அரைத்துக்கொண்டேன். சிறுதானியங்களில் முளைத்த கேழ்வரகுக்கு மாவை உடைக்கும் திறன் நன்றாகவே உண்டு.

இந்த மாவு நம் வீடுகளுக்குப் புதிதில்லை. கைக்குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி வைப்பது இதற்காகத்தான். கெட்டிக் கஞ்சி நொதியால் நீர்த்து, குழந்தை விழுங்க எளிதாகும். தொட்டிலுக்கும் கள்ளுப்பானைக்கும் ஒரே வேதியியல்.

தீட்டாத அரிசியைக் களியாக்கி, ஆற்றி, மாவைக் கலந்தேன். கரண்டி நிற்கும் அளவு கெட்டியாக இருந்த களி, ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீராக இளகியது. நண்பர் முந்தைய பீரின் அடிவண்டலில் ஒரு குவளை தந்தார், ஈஸ்டுக்கு. பக்கத்து வீட்டில் தயிருக்கு உறை வாங்கும் அதே கணக்கு. நார்வேயின் பண்ணைவீடுகளில் ‘க்வைக்’ என்ற ஈஸ்டை அண்டை வீட்டாரிடம் இப்படித்தான் வாங்கிக் கொடுத்து வந்தார்கள். பாட்டில் ஈஸ்டுக்கென்று தனிச்சொல் இல்லாததற்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படும் மண்சாடியின் சுவரிலேயே ஈஸ்ட் தங்கிவிடும். சாடியை இரவல் தந்தால் உறையையும் சேர்த்துத் தந்த மாதிரி.

மிதவைமானியை விட்டுப் பார்த்தேன். கூழில் செருகிக்கொண்டு நின்றது. “கூழுக்குள்ள விட்டா நிக்கும்தான் மச்சான், ஆனா கணக்குக் காட்டாது” என்றார் நண்பர். அவருடைய வடிகட்டும் பையும் உதவவில்லை. இரண்டே நிமிடத்தில் அடைத்துக்கொண்டது. பார்லியில் உமி இருக்கிறது, அது தானாகவே சல்லடையாகப் படிந்து தெளிவாக வடியவிடும். உமி நீக்கிய அரிசியிலும் கேழ்வரகிலும் அந்த வசதி கிடையாது. கடைசியில் கையை உள்ளே விட்டு, அலைத்து, பிழிந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. பாட்டில் விரல் ஏன் வருகிறது என்பது அப்போது விளங்கியது. விரலால் பிழிந்த கள் என்பதை மென்மையான ஒரு சித்திரம் என்றே எண்ணியிருந்தேன். அது ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. பார்லிக்காரரின் கருவிகளும் அரிசிக்காரரின் கருவிகளும் வேறு வேறு. அரிசிக்காரரின் வடிகட்டி கைதான்.

இரண்டு பகல், இரண்டு இரவு கழிந்த பானம் கலங்கலாக, இளம்புளிப்பாக, லேசான இனிப்போடு இருந்தது. பழைய சோற்று நீராகாரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். நாமக்கல் வட்டாரத்தில் இன்றும் காலையில் குடிக்கும் புளித்த கேழ்வரகுக் கூழுக்கும் இதற்கும் நடுவில் முளைமாவும் ஒன்றிரண்டு நாளும்தான் இருக்கின்றன.

மூன்று ஆண்டுகள்: 1886, 1937, 2003

கூழுக்கும் தோப்பிக்கும் நடுவில் இவ்வளவு உயரமான சுவர் எப்படி எழுந்தது? பாட்டை விட்டு ஊருக்கு வருவோம்.

பேளுக்குறிச்சி கொல்லிமலையின் அடிவாரத்தில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மிளகு, கடுகு, சீரகம் வாங்க வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் சந்தைதான் ஊரின் பேர். மலை, வல்வில் ஓரியின் மலை. அவனைப் பாடிய வன்பரணரின் புறநானூற்றுப் பாடலில் (152), வேட்டையாடிய மான் இறைச்சியோடு, உருக்கிய நெய் போன்ற வேரியையும் ஓரி பாணர்களுக்குத் தருகிறான். பட்டிமன்றங்களில் ஓரியின் ஒற்றை அம்பு பேசப்படும் அளவுக்கு இந்த வேரி பேசப்படுவதில்லை.

1997 வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டம். இந்தியாவில் சட்டப்படி மதுவிலக்கு முதன்முதலில் வந்தது அதே சேலம் மாவட்டத்தில்தான்: 1937 அக்டோபர் 1, ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது. அதற்கு முன்பே, 1929-இல், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து அவர் ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் உதவியாளர். பேளுக்குறிச்சியிலிருந்து திருச்செங்கோடு பஸ் பிடித்துப் போகிற தூரம்தான். தமிழ் நவீன உரைநடையின் முக்கியமான இரண்டு கைகள், இந்த மண்ணில் உட்கார்ந்து, குடிக்கு எதிராகப் பழகியவை.

அந்த எழுத்தைக் கிண்டல் செய்வது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’ குடி ஒரு குடும்பத்தைத் தின்னும் கதை. பின்னர் படமாகவும் வந்தது. அதில் பார்வதி படும் பாட்டை இன்றும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் பார்க்கலாம். பாட்டில் கள் அட்ட பெண், கதையில் கள்ளால் அழியும் பெண்ணாகிறாள். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி.

நடந்தது 1886. அந்த ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், உரிமம் இல்லாமல் மது செய்வதை வருவாய்க் குற்றமாக்கியது. அரசுக்கு வேண்டியிருந்தது வரி. கடையை ஏலம் விட்டால் வரி வரும். அட்டிலில் அடும் தோப்பிக்கு யார் வரி கட்டுவார்கள்? ஆக, வீட்டுப் பானையை முதலில் உடைத்தது ஒழுக்கம் இல்லை, கஜானா. அதன் பிறகு குடி என்றால் கடை. ஆண்கள் கூலியோடு போய், வெறுங்கையோடு திரும்பும் கடை. பாட்டில் அடுத்தடுத்த அடிகளில் இருந்த விலைக்கள், வீட்டுக்கள் என்ற இரண்டில் ஒன்று அழிக்கப்பட்டு, மற்றது மட்டும் நின்றது. ராஜாஜி எதிர்த்தது அந்தக் கடையை. ஆனால் அவர் கொண்டுவந்த சட்டம் கடையையும் பானையையும் ஒரே சொல்லால் அள்ளியது. மதுவால் இழக்கும் வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது.

பிறகு 1971-இல் தளர்வு, மறுபடி தடை, மறுபடி தளர்வு. 1983-இல் டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. கடை திரும்பி வந்துவிட்டது. இந்த முறை அரசே கடைக்காரர். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும் அப்படியே புத்தகத்தில் இருக்கிறது. விற்பனை வரியும் போகவில்லை. பெயர் மாறித் தொடர்கிறது. இத்தனை சுற்றிலும் திரும்பி வராதது வீட்டுப் பானை ஒன்றுதான். வரிக்காக 1886-இல் பிடுங்கியதை, அறத்துக்காக 1937-இல் தடுத்ததை, 2003-இல் மீண்டும் வரிக்காகப் பூட்டி வைத்திருக்கிறோம்.

கள்ளக்குறிச்சியை வைத்துக்கொண்டு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பார்வை போனவர்கள் உண்டு. அந்தக் கருணாபுரத்தை வைத்துக்கொண்டு ஒருவன் தோப்பியின் அழகைப் பேசலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பேச வேண்டும் என்பதே என் பதில், அதற்குக் காரணமும் கருணாபுரம்தான். மெத்தனால் தொழிற்சாலைக் கரைப்பான். அது எந்த ஊறலிலும் விளைந்து அந்த மக்களைக் கொல்லவில்லை. வெளியிலிருந்து வந்து, சாராயம் என்ற பெயரில் பாக்கெட்டில் அடைபட்டு விற்கப்பட்டது. அரிசியையும் கேழ்வரகையும் ஊறப்போட்டால் கிடைப்பது மெலிந்த ஒரு பானம். வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல், வடித்துச் சாராயமாக்குவதற்கு. மெத்தனால் கலவை விஷம். மூன்றுக்கும் நம் செய்தி மொழியில் ஒரே பெயர்: கள்ளச்சாராயம். மூன்றையும் பிரித்துச் சொல்லும் சொற்கள் ஊரிடம் இருந்தன. அந்தச் சொற்கள் புழக்கத்தில் இருக்கும் ஊரில், தன் கையில் தரப்பட்டது எது என்று ஒருவனுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும். சொல் மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பது எனக்கும் தெரியும். வறுமையும் விற்றவனின் பேராசையும் சொல்லுக்கு அடங்காதவை. ஆனால் பெயரே இல்லாத ஆபத்தை அடையாளம் காண்பது அதைவிடக் கடினம்.

இன்னொரு மறுப்பும் உண்டு; அது இன்னும் வலுவானது. “உங்க பாட்டை நீங்களே வச்சுக்கோங்க, வீட்டுக்குள்ள பானை வந்தா அடி வாங்கப்போறது நாங்கதான்” என்று எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னால், என்னிடம் முழுப் பதில் இல்லை. வீட்டுக்கள் என்றாலே நல்லது என்று எழுதுகிறவர்கள் அடுப்பு யார் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) இந்த வட்டார நாவல். அதில் திருவிழா இரவன்று முத்து, காளியைக் குடிக்க அழைத்துக்கொண்டு போவது, அந்தப் பக்கம் பொன்னாவை அனுப்புவதற்காக. நட்பின் குடியும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கருவியாக முடியும். இரவல் சாடி எப்போதும் அப்பாவி இல்லை.

ஆகவே பானையைத் திரும்பக் கொடு என்று சட்டமன்றத்துக்கு மனு எழுதுவது என் நோக்கமில்லை. பானையைப் பற்றிய அறிவு ஒரு காலத்தில் பெண்களின் அறிவாக இருந்தது. எவ்வளவு ஊற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், யாருக்கு எத்தனை வட்டில் என்பதெல்லாம் பிழிகிற கையின் முடிவு. 1886-க்குப் பிறகு அந்த முடிவு ஏலக்காரர் கைக்குப் போனது. இன்று கடையின் கைக்கு. பெண்ணிடம் மிஞ்சியது விளைவு மட்டும். இதைப் பார்க்க மறுக்கும் வாசிப்பு, பெருமிதமாக இருந்தாலும் ஒழுக்கமாக இருந்தாலும், பாட்டில் இருக்கும் கள் அடும் பெண்ணை இன்னொரு முறை வெளியே அனுப்புகிறது.

வாசிப்பின் வேலை

பத்துப்பாட்டுக்கு உரைகள் போதாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குறைவது உரைக்குப் பக்கத்தில் ஒரு பானை. நச்சினார்க்கினியருக்குக் களியும் பிழாவும் கண்ணால் கண்ட பொருள்களாக இருந்திருக்கும். நமக்கு அவை அகராதிச் சொற்கள். சிக்கிமில் கேழ்வரகு ஊற வைக்கும் வீட்டையும், ஹண்டியா விற்கும் ஜார்க்கண்ட் சந்தைப் பெண்களையும் பார்த்த ஒரு தமிழ் ஆய்வாளர் நல்லடையைப் பற்றி என்னைவிட நிச்சயமாகச் சொல்லக்கூடும். அப்படிப்பட்ட வாசிப்பு பாட்டுக்குச் செய்யும் மரியாதை.

அவசரமும் இருக்கிறது. கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்கள் பெருமளவு மரவள்ளிக்குப் போய்விட்டன. ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக அங்கே சிறுதானியங்களைக் காக்க வேலை செய்கிறது. விதையைச் சேமித்துவிடலாம், விதை வங்கியும் வைக்கலாம். அந்தத் தானியத்தை எந்த நாளில் முளைகட்டி, எந்தச் சூட்டில் ஆற்றி, எந்த மணம் வந்ததும் நிறுத்த வேண்டும் என்பதை வங்கியில் போட முடியாது. அது கையில் இருக்கிறது. கை போனால் போய்விடும். மிஞ்சப்போவது பாட்டின் அந்த ஏழெட்டு அடிகளும் காவல்துறைக் குறிப்பில் ஊறல் என்ற சொல்லும்தான். முன்னதை வைத்துப் பின்னதையும், பின்னதை வைத்து முன்னதையும் வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை இருக்கும்போதே அந்த வேலை நடந்தாக வேண்டும்.